பூச்சாறு மின்கலத்தில் வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் அறிவியல் பக்கத்தில், செம்பருத்திச் சாற்றால் சூரிய மின்கலம் செய்வது பற்றியும், ஃபுல்லரீன் என்ற கார்பன் மூலக்கூறு சாயத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது பற்றியும் வந்த கட்டுரையைப் படித்தோம். இவ்வளவு நுட்பமான பொருளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் அதை வைத்துக்கொண்டு மின்கலம் செய்ய உட்காரும் மாணவர் பெரும்பாலும் தோற்பார். அல்லது, இன்னும் மோசமாக, தோற்றது தெரியாமலே கண்காட்சியில் பரிசு வாங்கிவிடுவார். எங்கே இடறும், ஏன் இடறும் என்று விளக்குவது பயன்படும் என்பதால் இக்கடிதம் சற்று நீண்டுவிட்டது.

முதல் குறை கருத்தில் இருக்கிறது. "ஒளி பட்டதும் சாயத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறி மின்சாரமாகிறது" என்று கட்டுரை அந்த இடத்தைக் கடந்துவிடுகிறது. எலக்ட்ரான் வெளியேறுவது பெரிய காரியமே அல்ல. சாய மூலக்கூறு ஒளியை உள்வாங்கியதும் அதன் எலக்ட்ரான் ஒன்று மேல்மட்டத்துக்கு ஏறுகிறது. அங்கே அது சில நானோநொடிகள்தான் தங்கும் (நானோநொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு). அதற்குள் வாங்கிக்கொள்ள ஒரு மூலக்கூறோ ஒரு பரப்போ ஒட்டினாற்போல் இருந்தால் தாவிவிடும். இல்லையென்றால் ஆற்றலை ஒளியாகவோ வெப்பமாகவோ விட்டுவிட்டுக் கீழே இறங்கும். தாவிய எலக்ட்ரான் அடுத்த கணமே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், அங்கேதான் அதற்கு ஆற்றல் குறைவு. கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் வாய்க்கால் ஓட்டை வழியாகக் கிணற்றுக்கே திரும்பினால் ஏற்றம் இறைத்து என்ன பயன்? இந்தத் துறையில் நடந்த ஆராய்ச்சியில் பெரும்பங்கு அந்த ஓட்டையை அடைப்பதில்தான் போயிருக்கிறது. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஓ'ரீகனும் கிராட்செலும் 1991ல் வெளியிட்ட சாய மின்கலம் வென்றதற்குக் காரணமும் இதுவே. நானோ அளவு டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களின் மேல் சாயம் ஒட்டியிருக்கிறது. சாயத்திலிருந்து துகளுக்கு எலக்ட்ரான் தாவ ஒரு பைக்கோநொடிகூட (நானோநொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆவதில்லை. துகளிலிருந்து சாயத்துக்குத் திரும்ப மைக்ரோநொடி முதல் மில்லிநொடி வரை ஆகிறது. அந்த இடைவெளிக்குள், துகள்களைச் சூழ்ந்திருக்கும் மின்பகுளிக் கரைசலிலுள்ள அயோடைடு ஓடிவந்து, எலக்ட்ரான் இழந்த சாயத்துக்கு ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. சாயம் நிரம்பிவிட்டதால் துகளிலுள்ள எலக்ட்ரான் வெளிச்சுற்று வழியாகப் போயாக வேண்டும். மின்சாரம் என்று நாம் வாங்குவது, திரும்பும் வழியைவிட வெளியே போகும் வழி வேகமாக இருப்பதால் கிடைப்பது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் செய்முறையில் எது முக்கியம், எது அலங்காரம் என்பது தானாக விளங்கும்.

கட்டுரை "கடத்தும் கண்ணாடி கிடைக்காவிட்டால் அலுமினியத் தாளை ஒட்டிக்கொள்ளலாம்" என்கிறது. தயவுசெய்து இதைத் திருத்தி வெளியிடுங்கள். அயோடின் கலந்த மின்பகுளி ஒருபுறம் அலுமினியத்தையும் மறுபுறம் கார்பனையும் தொட்டால் அது ஒரு சாதாரண பேட்டரி. அலுமினியம் அரித்துக் கரையக் கரைய வோல்ட் காட்டும். இருட்டிலும் காட்டும், சாயமே இல்லாமலும் காட்டும். கண்காட்சிகளில் "வெற்றி பெற்ற" பூச்சாறு மின்கலங்களில் எத்தனை உண்மையில் அலுமினிய பேட்டரிகள் என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. முதலைக் கிளிப்பின் பல்லில் மின்பகுளி பட்டாலும் இதே கதைதான். அதனால் கிளிப் மாட்டும் ஓரங்கள் உலர்ந்திருக்க வேண்டும்.

தேவைப்படுவது ஃபுளூரின் கலந்த டின் ஆக்சைடு பூசிய கண்ணாடி. ஆய்வகப் பொருள் விற்பவர்களிடம் எஃப்.டி.ஓ. கண்ணாடி என்று கேட்க வேண்டும். தொடுதிரைகளில் வரும் இண்டியம் டின் ஆக்சைடு கண்ணாடி விலை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 450 டிகிரியில் சுட்டதும் அதன் மின்தடை பலமடங்கு ஏறிவிடும். எஃப்.டி.ஓ. கண்ணாடியின் ஒரு முகத்தில் மட்டுமே பூச்சு உண்டு, கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளையும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் பூச்சுள்ள முகம் 10 முதல் 30 ஓம் காட்டும். மறுமுகம் எதையும் காட்டாது. தவறான முகத்தில் பசை பூசுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. பூசி, சுட்டு, சாயமேற்றிய பிறகுதான் அது தெரியவரும்.

டைட்டானியம் டை ஆக்சைடு விஷயத்திலும் கட்டுரை ஏமாற்றுகிறது. "பெயின்ட் கடையில் கிடைக்கும் வெள்ளைப்பொடி" பயன்படாது. பெயின்டுக்கான பொடியின் துகள்கள் சுமார் 200 முதல் 300 நானோமீட்டர். வெயிலில் பெயின்ட் பொடிந்து உதிராமலிருக்க அவற்றின்மேல் சிலிக்காவும் அலுமினாவும் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு செய்யும் வேலையே எலக்ட்ரான் கைமாறாமல் தடுப்பதுதான். நமக்கு வேண்டியது பி25 என்ற வகை அல்லது அதற்கு இணையான நானோ பொடி. துகள் 20, 25 நானோமீட்டர். துகள் சிறிதானால் பரப்பு கூடும். 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தின் உட்பரப்பு, அது மூடியிருக்கும் கண்ணாடியின் பரப்பைப்போல் பல நூறு மடங்கு. சாயம் ஒரே ஒரு மூலக்கூறு அடுக்காக ஒட்டினால்தான் எலக்ட்ரான் தாவும். ஓர் அடுக்கு சாயம் தட்டையான கண்ணாடியில் ஒட்டினால் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட விழுங்காது. அதனால்தான் இந்த நுண்துளைப் படலம்.

பசை செய்ய: 6 கிராம் பொடியைக் கல்வத்தில் போட்டு, நீர்த்த அசிட்டிக் அமிலம் 9 மில்லிலிட்டரை ஒவ்வொரு மில்லிலிட்டராக விட்டு அரைக்க வேண்டும். முன்னதைக் கட்டியில்லாமல் அரைத்த பிறகே அடுத்தது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 50 மில்லிலிட்டரில் அடர் அசிட்டிக் அமிலம் 0.1 மில்லிலிட்டர் விட்டால் பி.எச். ஏறத்தாழ 3 வரும், அது போதும். அமிலம் துகள்களின் பரப்புக்கு ஒரே மின்னூட்டம் கொடுத்து ஒன்றையொன்று விலக்கி வைக்கிறது. குழாய்த் தண்ணீரில் அரைத்தால் உப்புகள் அந்த விலக்கத்தைக் குலைத்து, பசை திரிந்த பால்போல் ஆகிவிடும். மொத்தம் அரை மணி நேரம் அரைக்க வேண்டியிருக்கும். கடைசியில் பாத்திரம் கழுவும் நிறமற்ற திரவம் ஒரு சொட்டு. கலக்கும்போது நுரை எழக்கூடாது. உலர்பொடி மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது.

கண்ணாடியின் கடத்தும் முகத்தில் மூன்று ஓரங்களில் செல்லோ டேப் ஒட்டி, நடுவே இரண்டு மூன்று சொட்டு பசையை விட்டு, கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பில் பரப்ப வேண்டும். டேப்பின் தடிமன்தான் பசையின் தடிமன்: சுமார் 50 மைக்ரோமீட்டர். உலர்ந்து சுட்டபின் 10க்குப் பக்கத்தில் வரும். இரண்டடுக்கு டேப் ஒட்டினால் இரட்டிப்பு மின்சாரம் வருமென்று நினைப்பவர்கள் உண்டு. படலம் வெடித்து உரிந்து வரும். டேப்பை எடுத்துவிட்டு 450 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சுட வேண்டும். முதலில் படலம் பழுப்பாகும், உள்ளேயிருக்கும் சோப்பு எரிவதால். பிறகு மறுபடி வெள்ளையாகும். பழுப்பிலேயே நிறுத்தினால் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்திராது, எலக்ட்ரான் துகளுக்குத் துகள் தாவிக் கண்ணாடிக்கு வந்து சேராது. சூட்டோடு எடுத்துத் தரையில் வைத்தால் கண்ணாடி விரிசல் விடும். அடுப்போடு சேர்ந்தே ஆற வேண்டும்.

சாயத்துக்கு வருவோம். "நிறமுள்ள எந்தச் சாறும் உதவும்" என்பதும் சரியல்ல. சாயம் டைட்டானியத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் மிதந்தால் போதாது. செம்பருத்தியிலும் நாவற்பழத்தோலிலும் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமிகளின் ஒரு வளையத்தில், அடுத்தடுத்த கார்பன்களில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. அந்த இரண்டும் சேர்ந்து பரப்பிலுள்ள ஒரு டைட்டானியம் அயனியைப் பிடிக்கும். ஆந்தோசயனின் வகையிலேயே பெலார்கோனிடின் என்ற சிவப்புச் சாயத்தில் அந்த வளையத்தில் ஒரே ஒரு ஹைட்ராக்சில்தான். அதனால் அது பிடிப்பதில்லை. கீரையிலிருந்து சாராயத்தில் (எத்தனால்) இறக்கிய பச்சையமும் அப்படித்தான்: காட்சிக்குக் கரும்பச்சை, ஆனால் அதன் அமிலத் தொகுதி நீண்ட கொழுப்புவாலால் அடைபட்டிருப்பதால் பரப்பில் நிற்பதில்லை. பீட்ரூட் சாயம் அமிலத் தொகுதிகளால் பிடிக்கும், ஆனால் வெகுநேரம் தாங்காது. மஞ்சளும் ஒட்டும், வெயிலில் வெளுத்துவிடும். கேசரிப்பவுடர், ரோஸ்மில்க் நிறமிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பூவிதழ் 10 கிராமை 20 மில்லிலிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் சில சொட்டு வினிகர் விட்டுக் கசக்கித் துணியில் வடிகட்டினால் சாறு தயார். கொதிக்க வைக்கக்கூடாது. படலத்தை அதில் 10 நிமிடம் மூழ்கவிட வேண்டும். சாறு மெலிதானால் கூடுதல் நேரம். ஒட்டியதா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை: சாற்றில் சிவப்பாக இருந்த நிறம் படலத்தில் ஊதா நோக்கி நகர்ந்திருக்கும், தண்ணீரில் அலசினால் போகாது. அலசியதும் வெள்ளை வெளிப்பட்டால் சாயம் பிடிக்கவில்லை, அல்லது படலம் சரியாக வேகவில்லை. பின்னர் சாராயத்தில் ஒருமுறை அலசி உலர்த்த வேண்டும், ஈரம் மின்பகுளிக்குள் போகாமலிருக்க.

மின்பகுளி 10 மில்லிலிட்டருக்கு: எத்திலீன் கிளைக்கால் 10 மில்லிலிட்டர், பொட்டாசியம் அயோடைடு 0.83 கிராம், அயோடின் 0.127 கிராம். அதாவது அயோடைடு 0.5 மோலார், அயோடின் 0.05 மோலார். கார் ரேடியேட்டர் கூலன்ட் எத்திலீன் கிளைக்கால்தானே என்று ஊற்ற வேண்டாம். அதில் தண்ணீரும் அரிப்புத் தடுப்பான்களும் நிறமும் உண்டு. காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தும் பொருந்தாது: தண்ணீரும் பாலிமரும் அதிகம், அயோடைடு குறைவு. முதலில் சொன்ன ஓட்டை இங்கேதான் பெரிதாக இருக்கிறது. அயோடைடோடு அயோடின் சேர்ந்து உண்டாகும் ட்ரை அயோடைடு, டைட்டானியம் துகளிலிருந்தும் வெறுமையாகத் தெரியும் கண்ணாடியிலிருந்தும் எலக்ட்ரானை நேரடியாகப் பறித்துக்கொள்ளும். "கெட்டியாக இருக்கட்டும்" என்று அயோடினை இரட்டிப்பாக்கினால் வோல்ட் இறங்கும். பழுப்பு நிறம் ஒளியையும் மறைக்கும். படலத்தில் விரிசல் இருந்தாலும் அந்த இடத்தில் கண்ணாடி திறந்து கிடக்கும், விளைவு அதேதான். ஆய்வகங்களில் டெர்ட்-பியூட்டைல் பிரிடின் என்ற பொருளைச் சேர்த்து இந்தப் பறிப்பைக் குறைத்து வோல்ட்டை உயர்த்துகிறார்கள். நாற்றமும் நச்சும் உள்ளது, பள்ளிக்கு வேண்டாம்.

எதிர்ப்பக்க மின்முனைக்கு இன்னொரு எஃப்.டி.ஓ. கண்ணாடியின் கடத்தும் முகத்தில் 6பி பென்சிலால் அழுத்தித் தேய்த்தாலோ, மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கரி பிடிக்கவைத்தாலோ போதும். ட்ரை அயோடைடு எலக்ட்ரானை வாங்கி மறுபடி அயோடைடாக மாற அந்தக் கரிப்பரப்பு தேவை; கரியில்லாத கண்ணாடியில் அந்த வினை நொண்டும். இரண்டு கண்ணாடிகளையும் கிளிப் மாட்ட இடம்விட்டுச் சற்றே தள்ளிப் பொருத்தி, இரண்டு பைண்டர் கிளிப்பால் கவ்வி, ஓரத்தில் ஒரு சொட்டு மின்பகுளி விட்டால் நுண்துளை தானே இழுத்துக்கொள்ளும். ஒளி டைட்டானியம் பூசிய கண்ணாடியின் பக்கமிருந்து விழ வேண்டும். கரிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டிவிட்டு மின்கலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி அளவீடு. கட்டுரையில் வந்த "0.45 வோல்ட்" என்ற ஒற்றை எண் எதையும் நிரூபிக்காது. மல்டிமீட்டர் வோல்ட் அளவில் இருக்கும்போது அதன் உள்தடை சுமார் 1 கோடி ஓம். மைக்ரோ ஆம்பியரில் ஒரு பங்கு ஓடினாலே முழு வோல்ட்டும் தெரியும். ஆகவே முதலில் மின்கலத்தைக் கறுப்புத் துணியால் மூடிச் சில நிமிடம் கழித்துப் படிக்க வேண்டும். இருட்டில் 20, 30 மில்லிவோல்ட்டுக்குமேல் நிலையாக நின்றால் எங்கோ உலோகம் கரைகிறது. அடுத்து, சாயம் ஏற்றாத வெள்ளைப் படலத்தில் அதேபோல் இன்னொரு மின்கலம். டைட்டானியம் டை ஆக்சைடு தானே 388 நானோமீட்டருக்குக் கீழுள்ள புற ஊதாவை உள்வாங்கும், வெயிலில் சாயமில்லாமலே கொஞ்சம் மின்சாரம் கொடுக்கும். அதைக் கழிக்காமல் செம்பருத்திக்குப் பெருமை சேர்க்கக்கூடாது. பாலிகார்பனேட் தகடு ஒன்றைக் குறுக்கே பிடித்தால் புற ஊதா நின்றுவிடும், சாயத்தின் பங்கு மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது, சுமையோடு அளப்பது. 47, 100, 220, 470, 1000 ஓம் தடைகளை ஒவ்வொன்றாக மாட்டி, தடையின் இருமுனையில் வோல்ட் படித்து, வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் திறன் கிடைக்கும். நன்றாகச் செய்த 4 சதுர சென்டிமீட்டர் மின்கலம் நல்ல வெயிலில் திறந்த சுற்றில் 0.4 வோல்ட்டும் குறுக்குச் சுற்றில் 4 மில்லி ஆம்பியரும் தரலாம். ஆனால் இரண்டையும் பெருக்கி 1.6 மில்லிவாட் என்று எழுதுவது தவறு, இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. 100 ஓமுக்கு அருகில் 0.25 வோல்ட், 2.6 மில்லி ஆம்பியர், அதாவது 0.65 மில்லிவாட் வந்தால் மகிழலாம். அந்த நான்கு சதுர சென்டிமீட்டரில் விழும் வெயில் 400 மில்லிவாட். அதில் மின்சாரமாக மாறுவது, அதாவது மின்கலத்தின் மாற்றுத் திறன், 0.16 விழுக்காடு. பிளாக்பெர்ரிச் சாயத்தில் 1997ல் வெளியான ஆய்வகக் கணக்கே 0.56 விழுக்காடுதான். ருத்தேனியம் என்ற உலோகம் கொண்ட சாயத்தோடு 1991ன் மின்கலம் 7 விழுக்காட்டைத் தாண்டியது, பச்சையத்தைப் போன்ற வளைய அமைப்புள்ள போர்ஃபிரின் சாயமும் கோபால்ட் மின்பகுளியும் 2014ல் 13ஐத் தொட்டன. இவற்றுக்கும் பூச்சாற்றுக்கும் இடையே உள்ள தூரத்தில், நாம் சொல்லிவரும் எலக்ட்ரான் திரும்பலுக்கும் பங்கு உண்டு.

கட்டுரையின் தலைப்பு "செல்போனையே சார்ஜ் செய்யலாம்" என்றது. 5 வாட் சார்ஜருக்கு மேற்சொன்ன கணக்கில் சுமார் 3 சதுர மீட்டர் பூச்சாறு மின்கலம் வேண்டும், எஃப்.டி.ஓ. கண்ணாடி விலையில் அதைச் செய்ய நினைப்பவர் செல்போனையே இன்னொன்று வாங்கிக்கொள்வார். 20 விழுக்காடு திறனுள்ள சிலிக்கான் தகட்டில் அதே 5 வாட்டுக்கு 250 சதுர சென்டிமீட்டர் போதும். சிவப்பு எல்.இ.டி. எரியவே 1.8 வோல்ட் வேண்டுமென்பதால் ஆறேழு மின்கலங்களைத் தொடராகக் கோக்க வேண்டும், அப்போதும் மங்கலாகத்தான் எரியும்.

ஃபுல்லரீன் பகுதிக்கு வந்தால், ஆண்டுகளே குழம்பியிருக்கின்றன. ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் 60 கார்பன் அணுக்களாலான ஃபுல்லரீனான சி60ஐக் கண்டது 1985ல், நோபல் 1996ல். ஆனால் கையில் எடுத்து ஆராயும் அளவுக்கு அது கிடைத்தது, 1990ல் கிராட்ச்மரும் ஹஃப்மனும் ஹீலியத்தில் கிராஃபைட்டை ஆவியாக்கித் திரட்டிய பிறகே. கடத்தும் பாலிமரிலிருந்து சி60க்கு ஒளியால் எலக்ட்ரான் தாவுவதை சரிசிஃப்ட்சி, ஹீகர் குழுவினர் காட்டியது 1992ல்; அது 100 ஃபெம்ட்டோநொடிக்குள், அதாவது பைக்கோநொடியின் பத்தில் ஒரு பங்குக்குள், முடிகிறது என்பது தெளிந்தது. எளிதில் கரையும் பி.சி.பி.எம். என்ற சி60 வழிப்பொருளும், அதைப் பாலிமரோடு ஒரே படலமாகக் கலக்கும் முறையும் 1995ல் வந்தன.

சி60 எலக்ட்ரானை நன்றாக வாங்கும், ஆறு வரை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்கும் என்பதெல்லாம் சரி. ஆனால் எலக்ட்ரானை வாங்கும் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் உண்டு, குயினோன் என்ற கரிமச் சேர்மங்களே போதுமே. சி60ன் தனிச்சிறப்பு, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க நேரமெடுத்துக்கொள்வது. ஏன் என்பதற்கு மார்க்கஸ் என்ற வேதியியலாளர் கொடுத்த விதி இருக்கிறது. அவருக்கு 1992ல் நோபல். எலக்ட்ரான் தாவும்போது மூலக்கூறின் பிணைப்புகளும் சுற்றியுள்ள கரைப்பானும் புதிய மின்னூட்டத்துக்கேற்பத் தங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கான செலவை மறுசீரமைப்பு ஆற்றல் என்போம். சி60 விறைப்பான கூண்டு, வந்த மின்னூட்டம் 60 கார்பன்களிலும் பரவிவிடுகிறது. எனவே செலவு குறைவு.

எண்ணில் பார்க்கலாம். துத்தநாகப் போர்ஃபிரினைச் சி60யோடு பிணைத்த மூலக்கூறில், பென்சோநைட்ரைல் என்ற கரைப்பானில், ஒளியால் கிளர்ந்த போர்ஃபிரின் 2.05 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. மின்னூட்டம் பிரிந்த நிலை சுமார் 1.38ல். மறுசீரமைப்பு ஆற்றல் சுமார் 0.66. முன்னோக்கித் தாவும்போது கிடைக்கும் ஆற்றல் இறக்கம் 0.67, மறுசீரமைப்பு ஆற்றலுக்குச் சமம். மார்க்கஸ் விதிப்படி, எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை என்பது, மறுசீரமைப்பு ஆற்றலுக்கும் இறக்கத்துக்குமுள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தை, மறுசீரமைப்பு ஆற்றலின் நான்கு மடங்கால் வகுத்தது. இங்கே அது பூஜ்யம். திரும்பும்போது இறக்கம் 1.38. வித்தியாசம் 0.72, வர்க்கம் 0.52, அதை 2.64ஆல் வகுத்தால் 0.2 எலக்ட்ரான் வோல்ட் தடை. அறை வெப்பத்தில் இது மட்டுமே வேகத்தை 2,000 மடங்கு குறைத்துவிடும். இறக்கம் அதிகமானால் வேகம் கூடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஓர் எல்லைக்குமேல் குறைகிறது. 'தலைகீழ் வட்டாரம்' எனப்படும் இதை மார்க்கஸ் முன்பே கணித்திருந்தாலும், 1984ல் மில்லரும் குளோசும் காட்டும்வரை பலர் நம்பவில்லை. பிரிவது நானோநொடிக்குள்ளும், சேர்வது மைக்ரோநொடிக் கணக்கிலும் என்பது சோதனையில் வந்த விடை.

திரும்பும் வழியை இன்னும் நீட்டலாம். ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம், துத்தநாகப் போர்ஃபிரின், போர்ஃபிரின், சி60 நான்கையும் வரிசையாகக் கோத்த மூலக்கூறில் மின்னூட்டப் பிரிவு, உறைந்த பென்சோநைட்ரைலில், 0.38 நொடி நின்றதென்று 2001ல் இமஹோரி, ஃபுகுசுமி குழுவினர் வெளியிட்டார்கள். விலை இல்லாமல் இல்லை: ஒவ்வொரு தாவலிலும் ஆற்றல் கொஞ்சம் கழிகிறது, கடைசியில் மிஞ்சுவது தொடங்கியதில் ஏறத்தாழப் பாதி.

"சாயத்தையும் ஃபுல்லரீனையும் டொலுயீனில் கலந்து வெயிலில் வைத்தாலே எலக்ட்ரான் கைமாறும்" என்ற வாக்கியத்தில் நான்கு சிக்கல்கள் உண்டு. போர்ஃபிரினின் கிளர்நிலை ஆயுள் சுமார் 2 நானோநொடி. டொலுயீனில் சி60 மில்லிலிட்டருக்கு 2.8 மில்லிகிராமுக்குமேல் கரையாது, அதாவது 4 மில்லிமோலார். அந்தச் செறிவில் ஒரு சி60 மிதந்து வந்து முட்ட சுமார் 25 நானோநொடி ஆகும். நூற்றில் ஏழெட்டு போர்ஃபிரினுக்குத்தான் முட்டும் வாய்ப்பு. ஆகவேதான் இரண்டையும் வேதிப்பிணைப்பால் கட்டுகிறார்கள், அல்லது திண்மப் படலத்தில் 10 நானோமீட்டர் இடைவெளிக்குள் கலக்கிறார்கள். அல்லது மும்மைநிலை என்ற, ஆயுள் நீண்ட இன்னொரு கிளர்நிலையை நம்புகிறார்கள். இரண்டாவது, டொலுயீனின் முனைவுத்தன்மை மிகக் குறைவு. பிரிந்த மின்னூட்டங்களை அது தாங்கிப் பிடிக்காது. மூன்றாவது, காற்று. சி60 ஒளியில் கிட்டத்தட்ட முழுதும் மும்மைநிலைக்குப் போய், கரைந்திருக்கும் ஆக்சிஜனை, வினைபுரியும் வேகம் மிக்க ஒற்றைநிலை ஆக்சிஜனாக்கும். அது சாயத்தையே தின்னும். கால் மணி நேரமாவது ஆர்கான் குமிழவிடாமல் எடுத்த அளவீடு செல்லாது. நான்காவது, எலக்ட்ரான் எங்கும் போகவில்லை: மின்முனையில்லாத பாட்டிலில் அது திரும்பித்தான் ஆக வேண்டும்.

கல்லூரி ஆய்வகங்களுக்கு ஒரு வார்த்தை. ஃபுல்லரீன் சேர்த்ததும் சாயத்தின் ஒளிர்வு மங்கியது, எனவே எலக்ட்ரான் தாவியது என்று முடிவுகட்டும் பட்டமேற்படிப்பு அறிக்கைகள் ஏராளம். மங்குவதற்கு ஆற்றல் மட்டும் கைமாறியதும் காரணமாகலாம். சி60 தானே கிளர்ச்சி ஒளியை வழிமறித்து விழுங்கியதும் காரணமாகலாம். கிளர்ச்சி அலைநீளத்தில் மொத்த உட்கவர்வு 0.1ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம். எலக்ட்ரான் உண்மையில் வந்தது என்பதற்குச் சாட்சி அகச்சிவப்பில் இருக்கிறது: சி60 எதிர்மின் அயனி 1080 நானோமீட்டரருகே உட்கவரும், பைரோலிடின் என்ற நைட்ரஜன் வளையம் இணைத்த சி60 என்றால் 1000ஐ ஒட்டி. நேரப்பகுப்பு லேசர் கருவியில் அந்தப் பட்டை எழுவதையும் விழுவதையும் அளந்தால் போவதும் வருவதும் இரண்டுமே தெரிந்துவிடும். இத்தகைய கருவிகள் எட்டாத தூரத்தில் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இதற்கென்றே தேசிய மையம் இருக்கிறது.

கட்டுரை சொல்வதுபோல் ஃபுல்லரீன் "நாளைய சோலார் தகடு" என்பதும் இன்று பாதிதான் உண்மை. சி60 வகைகள் கண்ணுறு ஒளியை மோசமாக உள்வாங்குகின்றன. 2015க்குப் பின் வந்த ஃபுல்லரீன் அல்லாத எலக்ட்ரான் ஏற்பிகள் கரிம மின்கலங்களில் அவற்றைப் பின்தள்ளிவிட்டன. பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள பொருளாலான மின்கலங்களில் எலக்ட்ரானை மட்டும் கடத்திவிடும் மெல்லிய அடுக்காக சி60 இப்போதும் பிழைத்திருக்கிறது.

தங்களிடம் வேண்டுவது இரண்டு. அலுமினியத் தாள் பற்றிய வரியைத் திருத்தி அடுத்த மாணவர் பக்கத்தில் வெளியிடுங்கள். மாணவர் மின்கலங்களைப் பற்றி இனிச் செய்தி வரும்போது வோல்ட்டோடு சேர்த்து, படலத்தின் பரப்பு, இருட்டில் படித்த அளவு, சாயமில்லாத மின்கலத்தின் அளவு, எந்தத் தடையில் எத்தனை மில்லிவாட் என்ற நான்கையும் நிருபர் கேட்டு வாங்கிப் போடட்டும். கண்காட்சி நடுவர்களும் கையில் ஒரு கறுப்புத் துணியும் 100 ஓம் தடையும் வைத்துக்கொண்டால் நல்லது. இரண்டும் சேர்ந்து பத்திருபது ரூபாய்க்குமேல் ஆகாது.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.